பெரிய மண்டபமும் சின்ன மண்டபமும்

அக்கா வீட்டுக்காரரை நாங்கள் பாவா என்றுதான் கூப்பிடுவோம். அரக்கோணத்தில் பேட்டரி கடையில் வேலை. ரயிலில் போகவர, செல்போனில் பாடம் பார்த்தே புரோகிராம் எழுதக் கற்றுக்கொண்டவர். திருத்தணியில் மலைக்குப் போகும் வழியில் உள்ள ஒரு கல்யாண மண்டபத்தில், எந்தத் தேதி காலி என்று சொல்வது அவர் எழுதிய புரோகிராம்தான். உறவுக்காரர்களிடம் அதைச் சொல்லி மாளாது அவருக்கு.

போன ஆடியில் சென்னையிலிருந்து அக்கா வீட்டுக்குப் போயிருந்தேன். "மச்சான், ஒரு பார்வை பாரு" என்று லேப்டாப்பைத் தள்ளினார். பார்க்கத்தான் சொன்னார். ஆனால் புரோகிராமில் வைக்கும் பெயர்கள் ஒழுங்காக இல்லாவிட்டால் என் கை சும்மா இருக்காது. எனக்கும் புரோகிராம் எழுதுகிற வேலைதான்; ஆபீசில் இதற்காகவே என்னைக் கண்டால் ஒளிகிறவர்கள் உண்டு. மண்டபம் என்பதை ஆங்கில எழுத்தில் அடித்திருந்தார். சில இடங்களில் முதலெழுத்து கேப்பிட்டல், சில இடங்களில் சின்னது. தலையில் அடித்துக்கொண்டு எல்லாவற்றையும் சின்ன எழுத்தாக்கினேன். அவர் டீ வாங்கி வருவதற்குள் வேலை முடிந்தது. எனக்குப் பெருமை வேறு.

பிறகுதான் தெரிந்தது: கேப்பிட்டல் என்றால் கீழே உள்ள பெரிய மண்டபம். சின்ன எழுத்து, மாடியில் உள்ள சின்ன மண்டபம். அவர் எழுதிய மொழியில் இரண்டும் வெவ்வேறு பெயர். நான் ஒன்றாக்கியது அப்படியே மண்டபத்தில் ஓட ஆரம்பித்ததும் பெரிய மண்டபத்தின் முன்பதிவுகள் அழிந்து, தேதிகள் காலி என்று காட்டின. ஆவணி முகூர்த்தம் ஒன்றுக்கு மணவூரிலிருந்தும் நகரியிலிருந்தும் இரண்டு பெண்வீட்டார் சீர்வரிசையோடு ஒரே வாசலில் வந்து இறங்கினார்கள்.

பாவா போன் செய்ததும் அடுத்த ரயிலைப் பிடித்து ஓடினேன். தப்பு என்னுடையது என்று மண்டப ஓனரிடம் சொன்னேன்.

"புரோகிராம் எழுதினது யாரு?"

"நான்தாங்க" என்றார் பாவா.

"அப்ப இனிமே நீ வோணாம்பா. நான் வேற ஆளு பாத்துக்கறேன்."

நகரிக்காரர்களை மாடிக்கு அனுப்பினார்கள். பாவாதான் அவர்களுக்கு நாற்காலி சுமந்தார். என்னை ஒரு வார்த்தை திட்டவில்லை. திட்டியிருந்தால் அன்றைக்குச் சாப்பாடாவது இறங்கியிருக்கும்.

தீபாவளிக்குப் போனபோது மறுபடி லேப்டாப்பைத் திறந்தார். இரண்டு மண்டபத்துக்கும் தனித்தனிப் பெயர், எல்லாம் சின்ன எழுத்து, வார்த்தைகளுக்கு நடுவில் அடிக்கோடு.

"உங்க ஆபீஸ் மாதிரியே எழுதிகினு இருக்கேன் மச்சான். பேரெல்லாம் கரெக்டா இருக்குதா?"

"எந்த மண்டபத்துக்கு பாவா?"

"எதுக்கும் இல்ல. நீ பாத்தா தப்பு சொல்லக் கூடாதில்ல, அதுக்குத்தான்."

ஒரு தப்பும் இல்லை. கீபோர்டில் கை வைக்காமல் கடைசி வரிவரை பார்த்துவிட்டு, அதைச் சொன்னேன்.