முழங்கை பட்டதா

பவர் பிரஸ் மெஷினில் இரண்டு பொத்தான்கள் இருக்கும். வலக்கைக்கு ஒன்று, இடக்கைக்கு ஒன்று. இரண்டையும் சேர்த்து அழுத்தினால்தான் மேலே இருக்கும் டை என்கிற வெட்டு அச்சு இறங்கித் தகட்டை வெட்டும். இரண்டு கையும் பொத்தானில் இருந்தால் எந்தக் கையும் டைக்கு அடியில் மாட்டாது, அதற்காகச் செய்த ஏற்பாடு. கும்மிடிப்பூண்டியில் நாங்கள் வேலை பார்த்த பட்டறையில் அதை யார் மதித்தோம்? ஒரு ரப்பர் துண்டை மடித்து இடது பொத்தானின் இடுக்கில் செருகிவிடுவோம். அது அழுந்தியே கிடக்கும். இடக்கை தகடு வைக்க, வலக்கை அழுத்த, வேலை மடமடவென்று ஓடும். செருகாமல் ஓட்டியவன் என் நண்பன் ஒருவன்தான். பயந்தாங்கொள்ளி என்று அவனைக் கிண்டல் செய்ததில் முதல் ஆள் நான்.

ஒரு நாள் மதியம் ஷிஃப்ட் மாறும்போது ரப்பரை எடுக்க மறந்து கை கழுவப் போய்விட்டேன். என் மெஷினில் அவன் வந்து உட்கார்ந்தான். கோணலாகக் கிடந்த தகட்டை இடக்கையால் நகர்த்தினான். வலக்கை பொத்தான்மேல் இருந்தது. ஒற்றைக் கைக்கு மெஷின் இறங்காது என்று நம்பினான். இறங்கிவிட்டது.

அலறல் கேட்டு ஓடிவந்தேன். எல்லோரும் அவனைத் தூக்குவதில் இருந்தார்கள். நான் ரப்பரைப் பிடுங்கிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டேன். பிறகு சூப்பர்வைசர் வந்து ஒவ்வொரு பொத்தானாக அழுத்திப் பார்த்தார். மெஷின் அசையவில்லை. அப்படியானால் இவனுடைய இடது முழங்கைதான் பொத்தானில் பட்டிருக்கும், கவனக்குறைவு என்று எழுதிவிட்டார்கள். இடது மணிக்கட்டுக்குக் கீழே அவனுக்கு ஒன்றும் மிஞ்சவில்லை.

புண் ஆறிய பிறகுதான் பேஜாரு ஆரம்பித்தது. இல்லாத கை இறுக மூடிக்கிடப்பதாகவும் நகம் உள்ளங்கையில் குத்துவதாகவும் சொல்லி அழுதான். வாரத்தில் ஒரு நாள் லீவு போட்டு, எங்கள் ஊர் கவரைப்பேட்டையிலிருந்து அவனைத் திருவள்ளூர் ஆஸ்பத்திரிக்கு நான்தான் பஸ்ஸில் கூட்டிப்போவேன். நல்ல நண்பன் என்று ஊரே சொன்னது. அதைக் கேட்டால், பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று நகர்ந்துவிடுவேன்.

அங்கே பிசியோதெரபி பார்த்த அம்மா, மருந்துச் சீட்டின் பின்பக்கத்தில் படம் போட்டு விளக்கினார். விரல் நுனியிலிருந்து நரம்பு கிளம்பி, முதுகுத்தண்டு வழியாக மூளைக்குச் சேதி கொண்டுபோகிறது. மூளையில் கைக்கென்று ஓர் இடம் உண்டு. கை போனாலும் அந்த இடம் காலியாவதில்லையாம். சூடு பட்டால் மட்டும் முதுகுத்தண்டு மூளையைக் கேட்காமலே கையை இழுத்துவிடும், மூளைக்குப் பிறகுதான் தெரியும் என்றார். நான் அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டேன். நான் ரப்பரைப் பிடுங்கியதும் அப்படித்தானே, யோசிக்காமல் செய்ததுதானே என்று. திரும்பும் பஸ் ஊத்துக்கோட்டையைத் தாண்டுவதற்குள் அந்தச் சமாதானமும் போயிற்று. பிடுங்கியது முதுகுத்தண்டாகவே இருக்கட்டும். பையில் போட்டு, பட்டனும் மாட்டியது யார்?

அடுத்த தடவை அவன் அந்த அம்மாவிடம் கேட்டான், முழங்கை எதிலாவது பட்டது நமக்கே தெரியாமல் போகுமா என்று. கண்ணை மூடிக்கொண்டாலும் கை எங்கே இருக்கிறது என்று தசையும் மூட்டும் சொல்லிக்கொண்டே இருக்கும், ஆனால் நரம்பும் ஏமாற்றும், இல்லாத கை உனக்கு இருப்பதாகத் தெரியவில்லையா என்றார் அவர். பாவம், அவன் எதற்காகக் கேட்டான் என்று அவருக்குத் தெரியாது. அவன் முகம் செத்துப்போனது.

அவர் சொன்னபடி ஞாயிற்றுக்கிழமைகளில் அவன் வீட்டுக்கு என் வீட்டுக் கண்ணாடியை எடுத்துப் போனேன். இரண்டு கைக்கும் நடுவில் அதை நிறுத்திப் பிடிக்க வேண்டும். மொட்டைக் கை பின்னால் மறைந்துவிடும். வலக்கையின் பிம்பம் இடக்கையாகத் தெரியும். வலக்கையை விரித்தால் மூடிய கையும் விரிந்ததாக மூளை நம்புமாம். முதல் நாள் அந்தக் கையைப் பார்த்தேன். நகமும் ரேகையுமாக முழுசாக இருந்தது. என் பக்கமாக மெல்ல விரிந்தது.

அவனுக்கு வலி கொஞ்சம் குறைந்தது. வீட்டில் நிம்மதி இல்லை. கொஞ்சம் பார்த்து வேலை செய்திருக்கக் கூடாதா என்று அவன் மனைவி தினமும் அழுதாள். முன்பெல்லாம் முழங்கை படவில்லை என்று சண்டை போட்டவன், இப்போது அதை விட்டுவிட்டான். நான்காவது ஞாயிறு, கண்ணாடியைப் பார்த்துக்கொண்டே சொன்னான்.

“படலன்னுதான் இன்னமும் தோணுது மச்சான். ஆனா என் மூளைய நானே நம்ப முடியல. பைத்தியம் புடிக்கிது போலகீது எனக்கு.”

கையைத்தான் எடுத்தேன் என்று நினைத்திருந்தேன். அவன் புத்தியையும் எடுத்துக்கொண்டிருந்தேன். அவன் முகத்தைப் பார்க்கத் தைரியம் இல்லாமல், கண்ணாடியில் இருந்த கையைப் பார்த்துச் சொன்னேன்.

“ரப்பர் இருந்துச்சுடா. நான் வச்சது. நான்தான் எடுத்து மறைச்சேன்.”

விரல்கள் பாதி விரிந்தபடி நின்றன. அடிப்பான் என்று நினைத்தேன், அடித்தால் தேவலை என்றும் இருந்தது.

“அப்போ முழங்கை படல,” என்றான்.

“படல.”

இன்னொரு தடவை சொல்லச் சொன்னான். சொன்னேன். அவன் கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டியது. வலது தோளில் முகத்தைத் துடைத்துக்கொண்டு சொன்னான்.

“அவ தண்ணி புடிக்கப் போயிருக்கா. வந்ததும் இத்த அவகிட்ட நீயே சொல்லு. நான் சொன்னா நம்ப மாட்டா.”

கண்ணாடியை இறக்கட்டுமா என்று கேட்டேன். வேண்டாம், பிடி என்றான். வாசலில் குடத்தை இறக்கிவைக்கும் சத்தம் கேட்டது.