இடது லிஃப்டின் கைப்பிடி

லிஃப்ட் பழுதுபார்க்கும் கம்பெனியில் அவருக்குக் ‘கயிறு’ என்று பெயர். ஆளும் ஒல்லி, நல்ல உயரம். வேலையும் பாதி நாள் லிஃப்ட் பெட்டியைத் தாங்கும் இரும்புக் கயிற்றோடுதான். கோபம் வந்தால் மனைவிகூட, “இந்தக் கயித்தக் கட்டிக்கிட்டு நான் படற பாடு” என்பாள். எந்தக் கட்டடத்து லிஃப்ட் எந்த மாடியில் நின்று யோசிக்கும், எது கிளம்பும்போது முனகும் என்பதெல்லாம் அவருக்கு மனப்பாடம். வீட்டில் அடுப்பு எரிந்ததே அந்த மனப்பாடத்தில்தான்.

அது கைவிட்டுப் போய்விடுமோ என்ற பயம் இப்போது ராப்பகலாக அவரைப் பிடித்துக்கொண்டிருந்தது.

போன கோடையில் ஒரு காய்ச்சலோடு தொடங்கியது. கூடவே தலைவலி. பிறகு தூக்கம் போனது. சாப்பாட்டில் மனைவி ஏதோ கலக்கிறாள் என்று தட்டைத் தள்ளினார். அடுத்து வலிப்பு, ஆஸ்பத்திரி. அந்த வாரங்கள் அவரிடம் இல்லை. மனைவி சொல்லக் கேட்கும்போது, பக்கத்துத் தெரு ஆள் யாருக்கோ வந்த கஷ்டம் மாதிரிதான் இருந்தது.

வந்தது இன்னதென்று டாக்டரம்மா விளக்கியதை மனைவி மறுபடி மறுபடி சொல்லிச் சொல்லித்தான் அவர் மனதில் ஏற்றினாள். மூளையில் ஒரு நரம்பணு அடுத்த அணுவைத் தொடுவதில்லை; நடுவில் கண்ணுக்குத் தெரியாத ஓர் இடைவெளி. செய்தி சொல்லும் அணு குளுட்டமேட் என்ற ரசாயனத்தை அதில் விடும். அதை வாங்கிக்கொள்ள எதிர் அணுவில் கதவுகள் மாதிரி ஏற்பிகள் உண்டு. ஒரு வகை, தட்டியதும் திறந்துவிடும். இன்னொரு வகைக்கு உள்ளே மக்னீசியம் அடைத்துக்கொண்டிருக்கும். குளுட்டமேட் வந்தால் மட்டும் போதாது, அதே நேரத்தில் அந்த அணுவும் ஏற்கெனவே தூண்டப்பட்டிருக்க வேண்டும். இரண்டும் கூடினால்தான் அடைப்பு விலகிக் கால்சியம் உள்ளே பாயும்.

“நம்ம லிஃப்ட் மாதிரி. கதவும் சாத்தியிருக்கணும், பட்டனும் அழுத்தியிருக்கணும்” என்று டாக்டரம்மாவிடமே அவர் சொன்னாராம்.

அதேதான் என்று டாக்டரம்மாவும் ஒத்துக்கொண்டாராம். கால்சியம் பாய்ந்ததும், அணு அந்த இடத்தில் முதல் வகைக் கதவுகளைக் கூடுதலாக வைத்துக்கொள்ளும். அடுத்த தடவை லேசாகத் தட்டினாலே கேட்கும். ஒரு விஷயத்தைக் கற்பதும் நினைவில் வைப்பதும் பெரும்பாலும் இப்படித்தான் தொடங்குகிறது. அவர் உடம்பின் எதிர்ப்பு சக்தியோ, சொந்த ஆளையே திருடனென்று நினைத்து, இரண்டாம் வகைக் கதவுகளைப் பிடித்து அணுக்களுக்குள் இழுத்துப் போட்டுவிட்டது. முன்பே உறுதிப்பட்ட பழைய நினைவுகள் நின்றன. புதியது ஒட்டவில்லை. அணுக்கள் சாகவில்லை, கதவுகள் திரும்ப வரும், ஆனால் மெதுவாக வரும் என்றார் டாக்டரம்மா.

அந்த ‘மெதுவாக’தான் அவரைப் பயமுறுத்தியது. பழைய வேலை கையில் அப்படியே இருந்தது. காலையில் சொன்னது மதியம் இல்லை. மறந்துவிட்டோம் என்று தெரிந்தாலாவது பரவாயில்லை. மறந்ததே தெரியாதபோது எதைப் போய்த் தேடுவது?

உயரத்தில் ஏறக்கூடாது என்ற நிபந்தனையோடு மேற்பார்வையாளர் அவரைத் திரும்ப எடுத்துக்கொண்டார். மனைவியின் தம்பியும் அதே கம்பெனி. அவனுக்குத் துணையாளாக இவர். ஒரு காலத்தில் ஸ்பேனரைப் பிடிக்கச் சொல்லிக்கொடுத்த பையனுக்கு எடுபிடியாக நிற்பது அவருக்குக் கொஞ்சம் குத்தத்தான் செய்தது. தம்பி அதைச் சிரித்தே ஆற்றுவான். “உங்களுக்கு அதிர்ஷ்டம் மாமா. அக்கா திட்டினது மறுநாள் ஞாபகமே இருக்காது. எனக்கு உங்க கல்யாணத்துல திட்டினதே இன்னும் இருக்கு.”

அன்று போன வேலை, எட்டு மாடிக் கட்டடம் ஒன்றில். அருகருகே இரண்டு லிஃப்ட். இடது லிஃப்டின் குழிக்குள் தண்ணீர் புகுந்து, அங்கிருந்த நிறுத்தும் ஸ்விட்ச் கெட்டுப்போயிருந்தது. தம்பி குழிக்குள் இறங்கி அதை மாற்ற வேண்டும். அதற்கு முன் மொட்டைமாடி மோட்டார் அறையில் மெயினை அணைக்க வேண்டும்.

குழிக்குள் போகிறவனே மேலே ஏறி, தன் கையால் அணைத்து, தன் பூட்டைப் போட்டு, சாவியைத் தன் பையில் வைத்துக்கொள்ள வேண்டும் என்பது கம்பெனிச் சட்டம். அன்று தம்பி பூட்டை அவர் கையில் கொடுத்தான். “நீங்களே போட்டுருங்க மாமா. உங்களுக்குத் தெரியாததா?” அவரைச் சின்ன ஆளாக நடத்தாதே என்று காலையில் அக்கா சொல்லி அனுப்பியிருந்தாள். அவன் செய்த மரியாதை அது. அவருக்கும் நெஞ்சு நிமிர்ந்தது.

ஏறிப்போய், இரண்டு லிஃப்டுக்குமான மெயின் ஸ்விட்சுகளில் இடது பக்கக் கைப்பிடியை இறக்கி, பூட்டைப் போட்டு, போனில் “ஆஃப்” என்றார். யோசிக்கவே வேண்டியிருக்கவில்லை. கை தானாகப் போனது.

தானாகப் போனதே, அதுதான் அப்புறம் உறுத்தியது. ஸ்விட்ச் பலகையைப் பார்த்தார். புதுசாக இருந்தது. பெயர்த்தகடு இன்னும் ஒட்டியிருக்கவில்லை. பழையது சாம்பல் நிறமல்லவா? காலையில் வண்டியில் வரும்போது தம்பி இந்த அறையைப் பற்றி ஏதோ சொன்னான். சொன்னானா? நினைத்துப் பார்த்தார். வண்டி இருந்தது, வெயில் இருந்தது, தம்பியின் முதுகு இருந்தது. பேச்சு மட்டும் இல்லை. கேட்டுவிடலாமா? கேட்டால், மாமாவை இனி நம்ப முடியாது என்று ஆகிவிடும். கேட்காவிட்டால்?

கேட்டுவிட்டார். “டேய், இந்தப் பலகையப் பத்தி ஏதாவது சொன்னியா?”

கீழே குழந்தைகள் எட்டிப் பார்க்கிறார்களென்று கதவைச் சாத்திக்கொண்டு தம்பி வேலையில் இருந்தான். குழிக்குள் சிக்னல் விட்டுவிட்டு வந்தது. “என்ன மாமா? கேக்கல. இருங்க, வயர சேத்துட்டேன், முடிஞ்சிருச்சு.”

அந்த ஸ்விட்சின் கம்பி பிரிந்திருந்தவரை யார் எதை அழுத்தினாலும் அந்த லிஃப்ட் அசையாது. சேர்ந்த அதே நொடியில் ஏதோ ஒரு மாடியில் யாரோ பட்டனை அழுத்தியிருக்க வேண்டும். இடது மோட்டாரின் பிரேக் ‘டக்’கென்று விட்டது. செத்துக் கிடக்க வேண்டிய சக்கரம் சுற்றத் தொடங்கியது. பெட்டி கீழ்நோக்கி வந்தது.

பாய்ந்து வலது கைப்பிடியை இழுத்தார். சக்கரம் நின்றது. கயிறுகள் சற்று நேரம் அதிர்ந்துகொண்டிருந்தன. போனைக் காதில் வைக்கத் தைரியம் வரவில்லை.

“மாமா?” என்றது குரல். “பெட்டி இறங்கின மாதிரி இருந்துச்சே. மாமா, இருக்கீங்களா?”

“வெளிய வந்துரு” என்றார். “எதையும் தொடாத. முதல்ல வெளிய வந்துரு.”

தம்பி மாடியேறி வரும்வரை கைப்பிடியை விடவில்லை. அவன் மூச்சிரைக்க வந்து, பூட்டையும் கைப்பிடியையும் அவர் முகத்தையும் பார்த்தான். பலகை மாற்றியதில் இரண்டு கைப்பிடியும் இடம்மாறிவிட்டதென்று காலையிலேயே சொன்னேன் என்று மெல்லச் சொன்னான். பிறகு அவர் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்தெடுத்தான். “தப்பு என்னோடது மாமா. பூட்ட நான்தான் போட்டிருக்கணும்.”

மறுநாள் விடிந்ததும் அவருக்கு முதலில் வந்தது, வலது கைப்பிடி. பிரேக்கின் சத்தம். சுற்றிய சக்கரம். தம்பியின் குரல். ஒன்றுகூடக் குறையவில்லை. பல் துலக்கி முடிப்பதற்குள் கரைந்துவிடும் என்று காத்திருந்தார், கரையவில்லை. இத்தனை மாதத்தில் இப்படி ஒட்டிய முதல் நாள் அதுதான். சந்தோஷப்படுவதா என்று தெரியவில்லை. இது தங்கிவிடும் என்றும் பயமாக இருந்தது, போய்விடும் என்றும் பயமாக இருந்தது.

சமையலறை வாசலில் போய் நின்றார். “உங்கிட்ட ஒண்ணு சொல்லணும். நேத்து உன் தம்பிய நான் கொன்னிருப்பேன்.”

மனைவி அடுப்பைத் தணித்துவிட்டுத் திரும்பினாள். அவள் முகத்தில் அதிர்ச்சி இல்லை.

“சொன்னீங்களே” என்றாள். “நேத்து சாயந்தரம் வந்ததும் சொன்னீங்க. சொல்லிட்டு அழுதீங்க.”

அவர் தேடிப் பார்த்தார். சக்கரம் இருந்தது. சாயந்தரம் இல்லை.

கதவு நிலையைப் பிடித்துக்கொண்டார். “வேலையப் பத்தி என்ன சொன்னேன்?”

“டாக்டரம்மா சரின்னு சொல்றவரைக்கும் எந்த ஸ்விட்ச் பக்கமும் போகமாட்டேன், ஸ்டோர்ல உக்காந்துக்கறேன்னீங்க. இன்னிக்கு மேற்பார்வையாளர்கிட்ட போய்ச் சொல்றேன்னீங்க.”

“அப்படியா சொன்னேன்?”

“ஆமா.”

“சரி” என்றார் அவர். “நீயும் கூட வா. வழியில மறந்துட்டேன்னா நீ சொல்லு.”