பேட்டரி வயர்

தொண்ணூறுகளில் எங்களிடம் ஒரு பழைய பிக்கப் வண்டி இருந்தது. பேட்டரிக்குச் சார்ஜ் ஏற்றும் அதன் ஆல்டர்னேட்டர் மூன்றாவது முறையாகப் போனபோது, செக்காலைக் கடை எலெக்ட்ரீஷியன் அதைச் சரிசெய்து கொடுத்துவிட்டு, என் கணவரிடம் கெஞ்சாத குறையாகச் சொன்னார்:

"அண்ணே, சார்ஜ் ஏறுதான்னு பாக்க, ஓடுற வண்டியில பேட்டரி வயரக் கழட்டாதீக. பழைய டைனமோ அதத் தாங்கும். இதுல டயோடு செத்துப்போகும்."

இவர் தலையாட்டினார். முன்பு வைத்திருந்த டைனமோ வண்டியில் வருஷக்கணக்காக அப்படித்தான் பார்த்தவர். வயரைக் கழற்றியும் என்ஜின் ஓடினால்தான் திருப்தி. மீட்டரை நம்பமாட்டார், மெக்கானிக்கை நம்பமாட்டார். என்னை எந்தக் காலத்தில் நம்பினார்?

கல்யாணப் பாத்திரங்களை ஏற்றிக்கொண்டு கொத்தமங்கலம் போனோம். வழி நெடுக, சார்ஜ் இல்லை என்று காட்டும் சிவப்பு விளக்கு எரியவே இல்லை. எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

பாத்திரங்களை எண்ணிக் கொடுத்துவிட்டு வெளியே வந்தேன். என்ஜின் ஓடிக்கொண்டிருந்தது. பானெட் திறந்திருந்தது. வயர் அவர் கையில் இருந்தது.

"நல்லாத்தான் இருக்கு" என்று சந்தோஷமாக மாட்டினார். உள்ளே சிவப்பு விளக்கு எரிந்தது.

"பாத்தியா? அந்த ஆளுக்கு வேலையே தெரியல. வேற கடையில குடுப்போம்."

கடையை மாற்றிவிடலாம். இந்தக் கையை எங்கே கொண்டுபோய் மாற்றுவேன்?