கொழுந்து மாடியில் காய்ந்த படம்

நான் படித்தது இரண்டாம் வகுப்பு. ஆனாலும் அந்தக் காலத்தில் கண்டியில் படத்துக்கு ஒழுங்காகச் சட்டம் போட வேண்டுமென்றால் மஹய்யாவையில் என் கடைக்குத்தான் வரவேண்டும். மதராஸிலிருந்து வந்திருந்த ஓவியர் ஒருவரும் அப்படித்தான் வந்தார். வாவிக்கரையில் ஒரு கனவான் தன் வீட்டு மேல்மாடியைக் கொடுத்து, “மூன்று மாதம் தங்கி வரையுங்கள், கண்காட்சி வைப்போம்” என்று அவரைக் கப்பலேற்றி வரவழைத்திருந்தார்.

அவர் மழையை வரைந்தால் பார்க்கிறவன் தோள் நனையும். அப்படிப்பட்ட கை!

கண்காட்சி திங்கட்கிழமை மாலை. வெள்ளிக்கிழமை பெரிய படத்துக்கு அளவெடுக்கப் போனேன். கொழுந்து பறிக்கும் பெண். நான் தேயிலைத் தோட்டத்து லயத்தில் பிறந்தவன், வாய் சும்மா இருக்குமா?

“ஐயா, இவ என்ன பூவா பறிக்கிறா? ஒத்தக் கையில பறிச்சா கங்காணி விடுவானா? ரெண்டு கையும் ஓடணும்.”

வேறொருவர் என்றால் விரட்டியிருப்பார். இவர் என்னைக் கதிரையில் உட்காரவைத்தார்.

“எங்க, பறிச்சுக் காட்டுங்க முதலாளி.”

காட்டினேன். வரைந்திருந்த கைகளை அப்படியே சுரண்டியெடுத்துவிட்டு, புதிதாக இரண்டு கை எழுதினார். அதற்குள் மழை பிடித்துக்கொண்டது. ஈரக் காற்றில் எண்ணெய் வண்ணம் காயவில்லை; சனிக்கிழமையும் விரலில் ஒட்டியது. அந்தப் படம் இல்லாமல் கண்காட்சியே வேண்டாம் என்றார் அவர். கனவானோ ஊருக்கெல்லாம் அழைப்பு அனுப்பிவிட்டார். வாயைக் கொடுத்தவன் நான், வழியும் நானே கண்டுபிடித்தேன்: தோட்டத்து ஆலையில், அதுதான் தேயிலை ஸ்டோரில், கொழுந்து வாட்டும் மாடி! அங்கே சூட்டுக் காற்று வீசும். ஸ்டோரைப் பார்த்துக்கொள்ளும் டீமேக்கர் என் கூட்டாளி. அவன் குதித்தான்.

“அடேய், தேயிலை எந்த வாடையையும் புடிச்சுக்கும். எண்ணெ நாத்தம் ஏறுனா தொர என்னைய வீட்டுக்கு அனுப்பிருவாரு!”

“ஞாயித்துக்கெழம கொழுந்த எறக்குனதும் மாடி சும்மாதானேடா கெடக்கும்? ஒரு நாளுதான்.”

ஞாயிறன்று படத்தைக் கொண்டுபோய் மாடியில் சாத்தினோம்; அவன் முனகிக்கொண்டே அடுப்பை மூட்டினான்.

திங்கள் காலை நானும் ஓவியரும் போனபோது, மாடி கூட்ட வந்த பெண்கள் படத்தின் முன்னால் நின்றிருந்தார்கள்.

“அடியே, இவ கையப் பாருடி! நமக்கு முன்ன கூடைய ரொப்பிருவா போல.”

ஓவியர் அந்தக் கையைத் தொட்டுப் பார்த்தார். விரலில் ஒட்டவில்லை. டீமேக்கர் ஜன்னல்களையெல்லாம் திறந்துவிட்டு, “தூக்குங்க, தூக்குங்க” என்று எங்களை விரட்டினான்.

மாலையில் கண்காட்சி திறந்தது. துரைமாரும் கனவான்களும் அந்தப் படத்தைவிட்டு நகரவில்லை. ஓவியர் கூட்டத்துக்குள் வந்து என் கையைப் பிடித்து இழுத்துப்போய், “இந்தக் கைகளைத் திருத்தினவர் இவர்தான்” என்றார்.

நான் மறுக்கவில்லை.