பதில் மணி

நம்புவதும் நம்பாததும் உங்கள் இஷ்டம். நான் குடிக்கிறவன் இல்லை. நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

புறநகரில் வீட்டு மனை விற்பதற்காக, அந்தக் காலத்தில் ஒரு தனியார் கம்பெனி போட்ட ஒற்றை ரயில் பாதை அது. மனை விற்கவில்லை. கம்பெனி மூழ்கிவிட்டது. அறுபது வருஷம் துருப்பிடித்துக் கிடந்த தண்டவாளத்தைப் பெயர்க்க எங்களைக் கூலிக்கு எடுத்தார்கள். கடைசி ஸ்டேஷனில் சாமான்களுக்குக் காவல் நான். சுற்றிலும் ஒரு வீடு கிடையாது. தினமும் மாலை ஆறு மணிக்கு, கூலிகள் தங்கிய கூடாரத்திலிருந்து தள்ளு டிராலியில் சாப்பாடு கொண்டுவரும் என் மச்சான் ஒருவன்தான் பேச்சுத் துணை.

பன்னிரண்டாம் நாள். மாலை 5.41. ஸ்டேஷன் அறையில் படுத்திருந்தேன். சுவரில் பழைய மணிப் பெட்டி. அதன் வயரை என்றைக்கோ அறுத்துக்கொண்டு போய்விட்டார்கள்.

டிங்... டிங்... டிங்.

எழுந்து உட்கார்ந்தேன்.

என் அப்பா ரயிலில் பாயிண்ட்ஸ்மேன். நான் தவழ்ந்ததே ஸ்டேஷனில்தான். பக்கத்து ஸ்டேஷன்காரன் மூன்று தட்டு தட்டினால், நாமும் மூன்று தட்டு திருப்பித் தட்டவேண்டும். "பாதை காலி, வண்டியை அனுப்பு" என்று அர்த்தம்.

பயந்திருக்க வேண்டும். உண்மையைச் சொன்னால், சந்தோஷமாக இருந்தது. பகல் முழுக்க மனுசக் குரல் கேட்காதவனை யாரோ கூப்பிடுகிறார்கள். கை தானாகப் போனது. பெட்டியின் பித்தளைக் குமிழை மூன்று முறை தட்டினேன்.

5.44. டிங்... டிங்.

இரண்டு தட்டு. வண்டி கிளம்பிவிட்டது என்று அர்த்தம்.

அப்போதுதான் உறைத்தது. பாதை காலியில்லை. மச்சான் வந்துகொண்டிருப்பான்.

ஓடினேன். அவனுக்கு ஒன்று என்றால் என் பொண்டாட்டி முகத்தில் எப்படி முழிப்பது?

காலடியில் தண்டவாளம் அதிர்ந்தது.

வளைவுக்கு அப்பால் விசில்...

பிரேக் தேய்கிற சத்தம்...

கத்தினார்கள். ஒருவர் அல்ல. பலர்.

பிறகு... ஒன்றுமில்லை.

5.52. வளைவில் டிராலி வந்தது. பின்னால் தள்ளியபடி மச்சான், மேலே தூக்குச்சட்டி.

"வண்டி... வந்துச்சாடா?"

"எந்த வண்டி? நம்ம கூடாரத்துக்கு அந்தப் பக்கம் தண்டவாளத்தையே பேத்துட்டோம். பறந்தா வரும்?"

"வழியில யாராவது?"

"ஈ காக்கா இல்ல. தனியாக் கிடந்து கழண்டுருச்சா மாமா? அக்காகிட்ட சொல்லவா?"

அன்றே அவனோடு கூடாரத்துக்குப் போய்விட்டேன்.

அடுத்த வாரம் ஓவர்சியரிடம் மெதுவாகக் கேட்டேன். பழைய கம்பெனியின் காகிதங்களைப் படித்தவர் அவர்.

கம்பெனி வண்டி ஓடிய காலத்தில், அந்த வளைவில் பாதை வேலைக்குப் போன டிராலி மேல் வண்டி ஏறி ஐந்து கூலிகள் செத்தார்களாம். பாதை காலி என்று பதில் மணி அடித்ததாகச் சொல்லி, கடைசி ஸ்டேஷன்காரனைக் கம்பெனி ஜெயிலுக்கு அனுப்பியது. செலவு மிச்சம் பிடிக்க அந்த ஸ்டேஷனுக்கு ஒரே ஆளைத்தான் போட்டிருந்தார்கள். அவனுக்குச் சாட்சி சொல்ல நாதியில்லை.

"சாகுற வரைக்கும் ஒரே பேச்சுதானாம்," என்றார் ஓவர்சியர். "'நான் மணியத் தொடவே இல்ல. பதில் அடிச்சது வேற யாரோ.' எவன் நம்புவான், சொல்லு."

நான் நம்பினேன்.