களத்தில் வளைகாப்பு நடத்திய முனியம்மா

சென்ற திங்கட்கிழமை எங்கள் அரிசி ஆலைக்குத் தவிடு எடுக்க வந்த பழவேற்காட்டு பாய், வண்டியை விட்டு இறங்காமலே சொன்னார்: "முனியம்மா தவறிட்டாங்கம்மா." புதுவாயல் பக்கத்து ஆலைகளில் நெல் காயவைக்கும் பெண்களுக்கு அவர் யாரென்று நான் சொல்ல வேண்டியதில்லை. இருந்தாலும் எழுதத்தான் போகிறேன்.

சுதந்திரம் வந்து நாலைந்து வருஷம் ஆகியும், உண்டானால் எங்களுக்கு வேலை போய்விடும். அதனால் முந்தானையை இழுத்து இழுத்து மூடிக்கொண்டு களத்தில் நெல்லைக் கிளறுவோம். மறைக்க முடியாத மாதம் வந்ததும் மேஸ்திரி கேட்டிலேயே திருப்பி அனுப்பிவிடுவார். பிரசவச் சம்பளத்துக்குச் சட்டம் இருந்தது. கேட்டால், அவள் உண்டானதே தெரியாது, தானாக நின்றுவிட்டாள் என்று மேனேஜர் கையை விரிப்பார். நாங்கள் மறைத்தது அவருக்கே வசதியாகப் போனது. எங்கள் புத்தி அப்படி இருந்தது.

எங்களோடு நெல் கிளறிய முனியம்மாவையும் ஒரு காலத்தில் அப்படி அனுப்பியிருந்தார்கள். வயிற்றுப்பாட்டுக்கு நாற்று நடப் போன இடத்தில் வரப்பிலேயே பிரசவமாகி, குழந்தை தங்கவில்லை. ஒரே ஒரு முறைதான் அதை என்னிடம் சொன்னார். அழாமல் சொன்னார்.

எனக்குத் தலைச்சன், ஏழாம் மாதம். நான் கூனிக்கொண்டு நடப்பதைப் பார்த்துவிட்டார்.

"இன்னாத்துக்குடி மறைக்கிற? திருடிக்கினா வந்த?"

மறுநாள் சாப்பாட்டு வேளையில் களத்து நடுவிலேயே எனக்கு வளைகாப்பு. முனியம்மா ஓர் இலையில் புளிச்சோற்றை வைத்து, வளைகாப்புச் சோறு என்று சொல்லி மேனேஜர் அறைக்கே கொண்டுபோனார். அவர் உள்ளூர்க்காரர், நல்ல காரியத்துச் சோற்றை மறுக்கவில்லை. இன்னும் கொஞ்சம் கேட்டு வாங்கியும் சாப்பிட்டார்.

அடுத்த வாரமே என்னை நிறுத்தினார்கள். நான் எட்டாவது படித்தவள். முனியம்மா சொல்லச் சொல்ல மனு எழுதினேன். விசாரிக்க வந்த தொழிற்சாலை இன்ஸ்பெக்டரிடம் மேனேஜர் பழைய பாட்டையே பாடினார். முனியம்மா குரலை உயர்த்தவில்லை.

"தெரியாதா நைனா? அன்னிக்கு ரெண்டு வாட்டி வாங்கித் துன்னியே, அது இன்னா சோறு?"

களத்துப் பெண்கள் அத்தனை பேரும் சாட்சி சொல்ல முன்னால் வந்தார்கள். சம்பளத்தோடு லீவு கிடைத்தது, திரும்பி வர வேலையும் இருந்தது. உத்தரவைக் கேட்டதும் பழக்கதோஷத்தில் மேனேஜரைக் கும்பிடப் போனேன். முனியம்மா என் கையைத் தட்டிவிட்டார். "இது ஒனக்குப் பாத்தியப்பட்டதுடி. அவனுக்கு இன்னாத்துக்குக் கும்புடு?" என்றார். அந்தக் குழந்தை இப்போது பள்ளிக்கூடம் போகிறான்.

முனியம்மாவை எடுத்த அன்று ஒருத்தியும் வேலைக்குப் போகவில்லை. யாரிடமும் அனுமதி கேட்கவும் இல்லை.

எதையும் ஒளித்துக்கொண்டு பிழைக்கக் கூடாது என்ற அவருடைய பிடிவாதத்தை நான் வைத்துக்கொண்டேன். இன்று காலை வனஜா என்ற புதுப்பெண், தனக்கு மூன்று மாதம் என்று என் காதோடு சொன்னாள். கையைப் பிடித்து மேனேஜரிடம் கூட்டிப்போனேன்.

"இவ முழுகாம இருக்கா. எழுதிக்குங்க."

அப்புறம் பார்க்கலாம் என்றார். அவர் பேனாவை எடுத்து எழுதி முடிக்கும்வரை நாங்கள் இருவரும் அங்கேயே நின்றோம்.