அலம்பிக் கொண்டுவந்த மண்

டக், டக், டக். கல்லூரியில் முதன்முதலாகக் கேட்ட அந்தச் சத்தம் இன்னும் காதில் இருக்கிறது. ஈரக் களிமண் ஏந்திய பித்தளைக் கிண்ணம் ரப்பர் கட்டைமேல் விழும் சத்தம். களிமண்ணின் நடுவே கீறிய பள்ளம் ஒவ்வொரு தட்டுக்கும் மெல்ல மெல்ல மூடிக்கொண்டே வரும். எவ்வளவு தண்ணீரில் மண் குழைந்து ஓடும், எவ்வளவில் விண்டு உதிரும் என்று பார்ப்பதே எங்கள் தொழில். வீடு கட்டியவர்களே, நீங்கள் ஒரு வீட்டுக்குப் பட்ட பாட்டை நாங்கள் வருகிற வீட்டுக்கெல்லாம் படுகிறோம்.

எவர்சில்வர் டப்பா

மயிலாப்பூரில் இருக்கும் எங்கள் மண் பரிசோதனைக் கூடத்துக்கு ஜானகி மாமி ஒரு டப்பாவோடு வந்தார். வாடகை வீட்டில் வீணை சொல்லிக்கொடுப்பவர். திருவான்மியூருக்கு மேற்கே மனை வாங்கியிருந்தார். கீழே குடித்தனம், மாடியில் வீணை வகுப்பு என்பது அவருடைய நெடுநாள் ஆசை. ஆனால் அங்கே எழுப்பிய சுற்றுச்சுவர் முதல் மழையிலேயே விரிசல் விட்டுவிட்டது. மாடி கட்டலாமா, கூடாதா?

டப்பாவில் இருந்தது வெறும் மணல். தண்ணீர் விட்டுப் பிசைந்தால் ஒட்டவே இல்லை. மழையில் உப்பாத இந்த மண்ணா சுவரைப் பிளந்தது? எனக்குப் புரியவில்லை. எப்படி எடுத்தீர்கள் என்று கேட்டேன்.

"குழி தோண்டித்தான் எடுத்தேன். ஒரே சேறு. உங்க கையெல்லாம் அழுக்காகுமேன்னு நாலு தண்ணி விட்டு நன்னா அலம்பிண்டு வந்திருக்கேன்."

துளை

எங்களுக்கு வேண்டிய களிமண் முழுக்க மாமியின் சாக்கடையோடு போயிருந்தது. தரையில் துளை போட்டு மண் எடுக்கும் ஏழுமலையை அழைத்துக்கொண்டு நானே மனைக்குப் போனேன். மேலே யாரோ லாரியில் கொட்டி நிரவிய மணல். அதற்குக் கீழே கருகருவென்று களிமண், கருவியைவிட்டுப் பிரியமாட்டேன் என்றது. ஏழுமலை அதை விரலால் வழித்து என்னிடம் நீட்டினார்.

"மேல சோறு கீது, கீழ களி கீது. இன்னா மேடம், கொழம்பு ஒண்ணுதான் பாக்கி."

திரி

முடிவைத் தெரிந்துகொள்ள மாமி நேரிலேயே வந்து உட்கார்ந்துவிட்டார். என் உதவியாளர் செல்வி, மண்ணைக் கண்ணாடித் தட்டில் வைத்து உள்ளங்கையால் திரியாக உருட்டினாள். மூன்று மில்லிமீட்டர் பருமனில் திரி விண்டால்தான் சோதனை முடியும். விள்ளவே இல்லை. ஈரம் வற்ற மறுபடி பிசைந்தாள், மறுபடி உருட்டினாள். "கைமுறுக்குக்குக்கூட இவ்வளவு படுத்தமாட்டோமேடி" என்றார் மாமி.

கடைசியில் விண்டது. ஓடும் ஈரத்துக்கும் விள்ளும் ஈரத்துக்கும் நடுவே அவ்வளவு தூரம்! அப்படியென்றால் அது மழையில் உப்பி, கோடையில் சுருங்குகிற மண். ஆழமாகத் தூண் இறக்கித்தான் கட்டவேண்டும், மாடிக்கு வைத்திருந்த பணமெல்லாம் மண்ணுக்குள் போய்விடும் என்றேன். மாமி குரலைத் தாழ்த்திக் கேட்டார்.

"முதல்ல ஒரு டப்பா கொண்டுவந்தேனே, அதையே கணக்குல வெச்சுக்கப்டாதா?"

கூடாது என்று சொல்வதற்குத்தான் எனக்குச் சம்பளம். மாமி கீழ்வீடு மட்டும் கட்டிக் குடிபோனார், வீணை வகுப்பு கார் நிறுத்துமிடத்தில் நடக்கிறது, கார் தெருவில் நிற்கிறது.